தெற்கை யார் காப்பது? ஹிஸ்புல்லாவும் லெபனானின் ஆயுதக் களைவு விவாதமும்

2010 ஆகஸ்ட் 3 அன்று, தெற்கு லெபனானின் எல்லையோரச் சிற்றூரான அதைசேயில் ஒரு மரத்துக்காகச் சண்டை மூண்டது. வேலிக்கு அப்பால் நின்ற மரம் கண்காணிப்பை மறைக்கிறது என்று இஸ்ரேலிய ராணுவம் அதை வெட்டக் கிரேனோடு வந்தது. லெபனான் ராணுவம் தடுத்தது, பிறகு சுட்டது. லெபனான் வீரர்கள் இருவரும் ஒரு பத்திரிகையாளரும் இஸ்ரேலிய ராணுவ அதிகாரி ஒருவரும் உயிரிழந்தனர். மரம் நின்ற இடம், ஐநா வகுத்த எல்லைக்கோடான நீலக்கோட்டின் இஸ்ரேலியப் பக்கத்தில்தான் இருந்தது என்று ஐநா அமைதிப்படை பிறகு அறிவித்தது. அன்று ஹிஸ்புல்லா சண்டையில் இறங்கவில்லை. நாட்டின் எல்லையை நாட்டின் ராணுவமே காத்து நின்ற அபூர்வமான நாள் அது. அடுத்த சில நாட்களில், லெபனான் ராணுவத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்த 10 கோடி டாலர் உதவியை அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் நிறுத்திவைத்தார்கள். அந்த ஆயுதங்கள் இஸ்ரேலுக்கு எதிராகத் திரும்பக்கூடும் என்பது அவர்கள் சொன்ன காரணம்.

ஹிஸ்புல்லாவின் ஆயுதங்களைப் பற்றிய எந்த விவாதத்தையும் நான் இந்த மரத்திலிருந்துதான் தொடங்குவேன். ஒரு நாட்டில் ஆயுதம் ஏந்தும் உரிமை அரசுக்கு மட்டுமே உரியது என்ற கொள்கையோடு எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் அந்த அரசு தன் ஆயுதத்தை எதற்குப் பயன்படுத்த அனுமதிக்கப்படுகிறது என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்காவிட்டால், லெபனானில் நாற்பது ஆண்டுகளாக நடப்பது எதுவும் விளங்காது.

ஜபல் ஆமில் என்று அழைக்கப்படும் தெற்கு மலைநாடு, புகையிலையும் ஒலிவமும் விளையும் ஷியா முஸ்லிம்களின் நிலம். 1943இல் பிரான்சிடமிருந்து விடுதலை பெற்ற லெபனான், குடியரசுத் தலைவர் பதவியை மரோனைட் கிறித்தவர்களுக்கும் பிரதமர் பதவியைச் சன்னிகளுக்கும் நாடாளுமன்றத் தலைவர் பதவியை ஷியாக்களுக்கும் என்று பிரித்துக்கொண்டது. பெய்ரூட்டில் வங்கிகளும் விடுதிகளும் பெருகியபோது தெற்கில் சாலையும் பள்ளியும் மருத்துவமனையும் அரிதாகவே எழும்பின. 1948இலேயே எல்லையோர ஹூலா கிராமத்தில் இஸ்ரேலியப் படையினர் பல பத்துப் பேரைக் கொன்றார்கள். தெற்கத்தியர்களுக்குக் காவல் என்ற ஒன்று தேவைப்பட்டது அன்றிலிருந்தே. அது பெய்ரூட்டிலிருந்து வந்து சேரவில்லை.

வேறு யார் யாரோ வந்தார்கள். 1969 நவம்பரில் எகிப்து அதிபர் நாசரின் நடுவாண்மையில் கையெழுத்தான கெய்ரோ ஒப்பந்தம், லெபனான் மண்ணிலிருந்து இஸ்ரேலைத் தாக்கும் உரிமையைப் பாலஸ்தீன விடுதலை இயக்கத்துக்குத் தந்தது. இறைமையுள்ள ஒரு நாடு தன் எல்லையில் போர் தொடுக்கும் முடிவை இன்னொருவர் கையில் எழுதிக் கொடுத்தது. ஹிஸ்புல்லா பிறப்பதற்கு 13 ஆண்டுகளுக்கு முன்பே பிரச்சினையின் வித்து இங்கே விழுந்துவிட்டது. தென்கிழக்கு மலைச்சரிவை, அந்த இயக்கத்தின் முதன்மைக் குழுவான ஃபத்தாவின் பெயரால், மக்கள் ‘ஃபத்தா நிலம்’ என்றே அழைத்தார்கள். 1970களில் ஈரோஸ் இயக்கத்தைச் சேர்ந்த ஈழத்து இளைஞர்கள் ஃபத்தாவிடம் ஆயுதப் பயிற்சி பெற்றதும் லெபனானில்தான். நம் வரலாற்றின் ஒரு இழையும் அந்த மலைகளில் சிக்கிக் கிடக்கிறது. பாலஸ்தீனர் ராக்கெட் ஏவ, இஸ்ரேல் திருப்பி அடிக்க, இடையில் வீடிழந்தவர்கள் ஷியா விவசாயிகள். ‘வஞ்சிக்கப்பட்டோர் இயக்கம்’ தொடங்கிய இமாம் மூசா சத்ர், 1975இல் அமல் என்ற ஆயுதப் பிரிவையும் கட்டினார். 1978 ஆகஸ்டில் லிபியா சென்ற அவர் திரும்பவே இல்லை.

அதே 1978 மார்ச்சில் இஸ்ரேல் லிட்டானி ஆறு வரை படையெடுத்தது. இஸ்ரேல் வெளியேற வேண்டும் என்று ஐநா பாதுகாப்பு மன்றம் 425ஆம் தீர்மானத்தை நிறைவேற்றி, யூனிஃபில் என்ற இடைக்கால அமைதிப்படையை அனுப்பியது. 1982 ஜூனில் இஸ்ரேல் பெய்ரூட் வரை வந்தது. பாலஸ்தீனப் போராளிகள் கப்பலேறிய பின், செப்டம்பரில் பெய்ரூட்டின் சப்ரா, ஷத்திலா அகதிக் குடியிருப்புகளில் படுகொலைகள் நடந்தன.

இங்கே ஒரு உண்மையை நினைவுபடுத்துவது அவசியம். இஸ்ரேலிய ஆக்கிரமிப்பை முதலில் எதிர்த்தவர்கள் ஹிஸ்புல்லாவினர் மட்டும் அல்லர். 1982 செப்டம்பர் 16 அன்று கம்யூனிஸ்ட் தலைவர் ஜார்ஜ் ஹாவியும் முஹ்சின் இப்ராஹிமும் ‘லெபனான் தேசிய எதிர்ப்பு முன்னணி’யை அறிவித்தார்கள். கிறித்தவர்களும் சன்னிகளும் ஷியாக்களும் நாத்திகர்களும் அதில் இருந்தார்கள். இஸ்ரேலின் கூலிப்படையான தெற்கு லெபனான் ராணுவத்தின் தளபதி அந்துவான் லஹதை 1988இல் சுட்ட சுஹா பிஷாரா, கிறித்தவக் குடும்பத்தில் பிறந்த கம்யூனிஸ்ட் பெண். பத்தாண்டுகள் அந்தப் படையின் கியாம் சிறையில் கிடந்தார். பக்கா பள்ளத்தாக்கில் ஈரானியப் புரட்சிக் காவலர்களின் பயிற்சியில் உருவாகி 1985இல் தன் பகிரங்கக் கடிதத்தை வெளியிட்ட ஹிஸ்புல்லா, அந்தப் பத்தாண்டின் முடிவுக்குள் மற்றவர்களை ஓரங்கட்டியது. அமலுடன் ரத்தம் சிந்திய சண்டை, சிரியாவின் ஒப்புதல், ஈரானின் பணம், போராளிகளின் அசாதாரண ஒழுங்கு எல்லாம் சேர்ந்தே அது நடந்தது. நாட்டின் எதிர்ப்பு ஒரு மதப் பிரிவின், பிறகு ஒரு கட்சியின் சொத்தாக மாறியது. இன்று ஆயுதக் களைவு ஷியா சமூகத்தின் மீதான தாக்குதலாகத் தோன்றுவதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது. அந்த முன்னணி எல்லாச் சமூகங்களுக்கும் உரியதாக நீடித்திருந்தால், 2000இல் அதை ராணுவத்தோடு இணைப்பது இவ்வளவு கடினமாக இருந்திருக்காது என்றே கருதுகிறேன்.

பதினைந்து ஆண்டு உள்நாட்டுப் போரை முடிக்க, 1989 அக்டோபரில் சவூதி நகரான தாயிஃபில் லெபனான் நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். எல்லா ஆயுதக் குழுக்களும் ஆறு மாதத்துக்குள் கலைக்கப்பட்டு ஆயுதங்கள் அரசிடம் ஒப்படைக்கப்பட வேண்டும் என்றது அது. இஸ்ரேலிய ஆக்கிரமிப்பிலிருந்து நிலத்தை மீட்கத் தேவையான எல்லா நடவடிக்கையும் எடுக்க வேண்டும் என்று இன்னொரு பகுதி சொன்னது. 1991இல் கிறித்தவ, துரூஸ், அமல் படைகள் ஆயுதங்களைக் கொடுத்தன. ஹிஸ்புல்லா கொடுக்கவில்லை. நாங்கள் ஆயுதக் குழு அல்ல, எதிர்ப்பு இயக்கம் என்றது. இரண்டாவது பகுதியைச் சுட்டிக்காட்டியது. நாட்டைக் கட்டுப்பாட்டில் வைத்திருந்த சிரியாவுக்கு அந்த விளக்கம் வசதியாக இருந்தது. ‘நாங்கள் கொடுத்தோம், அவர்கள் கொடுக்கவில்லை’ என்ற மனக்குறை கிறித்தவர்களிடம் அன்று தொடங்கியது. அவர்களின் படைத்தலைவர் சமீர் ஜஅஜஅ 1994இல் சிறைக்குப் போய்ப் பதினோரு ஆண்டுகள் கழித்தே வெளியே வந்ததால் அந்தக் குறை இரட்டிப்பானது.

1985 முதல் 2000 வரை இஸ்ரேல் தெற்கில் வைத்திருந்த ‘பாதுகாப்பு வலய’ ஆண்டுகளில் ஹிஸ்புல்லா செய்ததைத் தேசப் பாதுகாப்பு என்று அழைக்க எனக்குத் தயக்கம் இல்லை. அந்நியப் படை நாட்டின் நிலத்தில் இருந்தது. ஐநாவின் 425ஆம் தீர்மானம் 22 ஆண்டுகள் காகிதமாகவே கிடந்தது. 1996 ஏப்ரல் 18 அன்று கானாவில் ஐநா முகாமுக்குள் தஞ்சம் புகுந்திருந்த நூற்றுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் இஸ்ரேலியப் பீரங்கிக் குண்டுகளுக்கு இரையானபோது, அவர்களைக் காக்க எந்த அரசின் கையும் எட்டவில்லை. கரந்தடிப் போரில் இஸ்ரேல் ஆண்டுதோறும் வீரர்களை இழந்துகொண்டே இருந்தது. 1997 பிப்ரவரியில் லெபனானுக்குச் சென்ற இரண்டு ஹெலிகாப்டர்கள் மோதி 73 இஸ்ரேலிய வீரர்கள் இறந்த பின், ‘நான்கு தாய்மார்கள்’ என்ற இயக்கம் இஸ்ரேலுக்குள்ளேயே வெளியேற்றத்தைக் கோரியது. 2000 மே 24-25இல் இஸ்ரேல் எந்த ஒப்பந்தமும் இல்லாமல் வெளியேறியது. கியாம் சிறையின் கதவுகளை ஊர் மக்களே உடைத்துக் கைதிகளை வெளியே கொண்டுவந்தார்கள். சமாதான உடன்படிக்கைக்குப் பணியாமல் ஓர் அரபு நாடு தன் நிலத்தை மீட்டது அதுவே முதல்முறை என்று அரபுலகம் கொண்டாடியது. அந்த மகிழ்ச்சியில் கிறித்தவர்களும் சன்னிகளும் மனமாரப் பங்கு கொண்டார்கள்.

ஆயுதத்தை அரசிடம் கொடுக்கத் தகுந்த நாள் ஒன்று இருந்தது என்றால் அது அதற்கு மறுநாள். அந்த வாய்ப்பு நழுவியது. ராணுவத்தை எல்லைக்கு அனுப்ப அரசு மறுத்தது, சிரியா விடவில்லை. ஷிபா பண்ணைகள் என்ற சிறு நிலப்பகுதி இன்னும் ஆக்கிரமிப்பில் இருக்கிறது என்பது காரணமாக முன்வைக்கப்பட்டது. 1967இல் சிரியாவிடமிருந்து பிடிக்கப்பட்டதாக ஐநா கருதும் நிலம் அது. லெபனான் தன்னுடையது என்கிறது. சிரியா வாய்ச்சொல்லாக ஒப்புக்கொண்டும் எல்லையை எழுத்தில் வகுத்துத் தந்ததில்லை.

2004 செப்டம்பரில் வந்த ஐநாவின் 1559ஆம் தீர்மானம் அந்நியப் படைகள் வெளியேறவும் ஆயுதக் குழுக்கள் கலையவும் கோரியது. ஐந்து மாதத்தில், 2005 பிப்ரவரி 14 அன்று, முன்னாள் பிரதமர் ரஃபீக் ஹரீரி பெய்ரூட் கடற்கரைச் சாலையில் குண்டு வெடிப்பில் கொல்லப்பட்டார். மக்கள் வெள்ளத்தின் முன் சிரியப் படை ஏப்ரலில் வெளியேறியது. ஐநா ஆதரவுடன் அமைந்த சிறப்புத் தீர்ப்பாயம், 2020இல் ஹிஸ்புல்லாவைச் சேர்ந்த சலீம் அய்யாஷைக் குற்றவாளி என்றது. ஹிஸ்புல்லா அந்தத் தீர்ப்பாயத்தையே ஏற்கவில்லை. அவரை ஒப்படைக்கவும் இல்லை.

2006இல் எல்லாக் கட்சிகளும் ‘தேசிய உரையாடல்’ மேசையில் அமர்ந்தன. ‘பாதுகாப்பு வியூகம்’ என்ற சொல் அங்கேதான் புழக்கத்துக்கு வந்தது: ஹிஸ்புல்லாவின் ஆயுதங்களை ராணுவத்தோடு எப்படிப் பொருத்துவது? பேச்சு நடந்துகொண்டிருந்தபோதே, ஜூலை 12 அன்று ஹிஸ்புல்லா எல்லையைக் கடந்து இரண்டு இஸ்ரேலிய வீரர்களைப் பிடித்தது. அமைச்சரவைக்கு அது தெரியாது. ஹிஸ்புல்லாவே அந்த அமைச்சரவையில் இருந்தது. 34 நாள் போரில் லெபனானில் 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலோர் பொதுமக்கள். இஸ்ரேலில் ஏறத்தாழ 160 பேர் இறந்தார்கள். விளைவு இப்படி இருக்கும் என்று தெரிந்திருந்தால் அந்த நடவடிக்கைக்கு உத்தரவிட்டிருக்கமாட்டோம் என்று ஹிஸ்புல்லாவின் பொதுச்செயலாளர் ஹஸன் நஸ்ரல்லாவே போர் முடிந்த அந்த மாதத்தில் ஒப்புக்கொண்டார்.

போர்க்களத்தில் மட்டும் பார்த்தால் 2006 ஹிஸ்புல்லாவின் உச்சம். ஏறத்தாழ 4,000 ராக்கெட்டுகள் வட இஸ்ரேலில் விழுந்தன. கடைசி நாள் வரை நிற்கவில்லை. பின்த் ஜுபைலிலும் அய்தா அஷ்ஷஅபிலும் சில நூறு போராளிகள் இஸ்ரேலியக் கவசப் படையைத் திணறடித்தார்கள். இஸ்ரேல் அமைத்த வினோகிராட் ஆணையமே தன் நாட்டுத் தலைமையின் தோல்விகளைப் பட்டியலிட்டது. அதன் பின் 2023 வரை 17 ஆண்டுகள் எல்லை பெரும்பாலும் அமைதியாக இருந்தது. ஹிஸ்புல்லாவின் ராக்கெட் கையிருப்பு ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டதாக மதிப்பிடப்பட்ட காலம் அது. இரு தரப்பும் ஒருவரை ஒருவர் அஞ்சி நின்றதே அந்த அமைதிக்குக் காரணம் என்று இயக்கத்தின் ஆதரவாளர்கள் வாதிடுவதை எளிதில் தள்ளிவிட முடியாது. 2022 அக்டோபரில் இஸ்ரேலுடன் கடல் எல்லை வகுக்கப்பட்டபோதும், ஹிஸ்புல்லாவின் மிரட்டல் லெபனானின் பேரம் பேசும் வலுவைக் கூட்டியது என்று அதன் எதிரிகள் சிலரே கருதினார்கள். ‘ராணுவம், மக்கள், எதிர்ப்பு’ என்ற மூன்று சொல் வாய்பாடு அந்தக் காலத்து அமைச்சரவைக் கொள்கை அறிக்கைகளில் இடம்பிடித்தது அப்படித்தான்.

ஆனால் அதே ஆண்டுகளில் துப்பாக்கியின் முனை வேறு திசைகளிலும் திரும்பியது. 2008 மே மாதம் ஹிஸ்புல்லாவின் தனித் தொலைபேசி வலையமைப்பு சட்டவிரோதமானது என்று அமைச்சரவை முடிவெடுத்தது. மே 7 அன்று மோதல் தொடங்கியது; இரண்டு நாட்களில் ஹிஸ்புல்லாவும் அதன் கூட்டாளிகளும் மேற்குப் பெய்ரூட்டைக் கைப்பற்றினர். ஆயுதத்தைக் காக்க ஆயுதத்தையே எடுப்போம் என்று நஸ்ரல்லா வெளிப்படையாகச் சொன்னார். இஸ்ரேலை நோக்கி மட்டுமே இந்த ஆயுதம் பேசும் என்ற வாக்கு அன்று உடைந்தது. சன்னிகளின் மனதில் மே 7 ஆறாத வடு. அரசு தன் முடிவுகளைத் திரும்பப் பெற்றது; அதன் பிறகே தோஹாவில் உடன்பாடு எழுதப்பட்டது.

2012 ஜூனில் ‘பஅப்தா பிரகடனம்’ லெபனானை அண்டை நாட்டுச் சண்டைகளிலிருந்து விலக்கி வைத்தது. ஹிஸ்புல்லாவும் அந்த மேசையில் இருந்தது. அடுத்த ஆண்டே அதன் போராளிகள் சிரியாவின் குஸைரில் அந்நாட்டு அதிபர் அசாதுக்காகப் போரிட்டார்கள். பிறநாட்டு ஆட்சியாளரைக் காப்பது எந்த வகையில் லெபனானின் பாதுகாப்பு என்ற கேள்விக்கு, ஜிஹாதியர்கள் நம் கிராமங்களுக்கு வருமுன் அங்கேயே தடுக்கிறோம் என்று பதில் வந்தது. அதில் ஒரு பகுதி உண்மையும் உண்டு: 2017இல் அர்சால் மலைகளில் ஒரு பக்கம் ஹிஸ்புல்லாவும், மறுபக்கம் லெபனான் ராணுவமும் ஐஎஸ் உள்ளிட்ட குழுக்களை விரட்டின. எல்லைக் கிராமத்துக் கிறித்தவர்கள் சிலர்கூட அன்று நன்றி பாராட்டினார்கள். ஆனால் முற்றுகையில் பட்டினி கிடந்த சிரிய நகரங்களின் மக்கள் நினைவில் ஹிஸ்புல்லாவின் மஞ்சள் கொடி எதைக் குறிக்கும் என்பதையும் நாம் நேர்மையாக எண்ணிப் பார்க்க வேண்டும். சிரியப் போர் இயக்கத்தைப் பருக்கவைத்தது. ஒரு சிறிய, மூடிய அமைப்பாக இருந்தபோது இருந்த ரகசியக் காப்பு அதில் கரைந்தது. அதன் விலை பத்தாண்டு கழித்துத் தெரிந்தது.

2023 அக்டோபர் 8 அன்று, காஸாவுக்கு ஆதரவாக ஹிஸ்புல்லா வடக்குப் போர்முனையைத் திறந்தது. மறுபடியும் அரசைக் கேட்கவில்லை. வட இஸ்ரேலில் 60,000 பேர் வீடு விட்டார்கள். தெற்கு லெபனானிலும் ஊர்கள் காலியாகின. 2024 செப்டம்பர் 17 அன்று போராளிகளின் பேஜர்களும் மறுநாள் வாக்கிடாக்கிகளும் வெடித்தன. பெருந்தொகையானோர் கண்களையும் விரல்களையும் இழந்தார்கள், சந்தையில் பக்கத்தில் நின்றவர்களும் சேர்ந்து. 23ஆம் தேதி ஒரே நாளில் 500க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். 27ஆம் தேதி நஸ்ரல்லா பெய்ரூட்டின் தென்புறநகரில் கொல்லப்பட்டார். நவம்பர் 27 போர்நிறுத்தத்துக்குள் சுமார் 4,000 லெபனானியர் இறந்திருந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்திருந்தார்கள். மறுசீரமைப்புக்கு 1,100 கோடி டாலர் தேவை என்று உலக வங்கி கணக்கிட்டது. டிசம்பரில் அசாத் வீழ்ந்ததும் ஈரானிலிருந்து ஆயுதம் வரும் தரைவழி அறுந்தது.

அந்தப் போரில் நாற்பது ஆண்டுத் தேசப் பாதுகாப்பு வாதம் அதன் மிகக் கடுமையான சோதனையைச் சந்தித்தது; தோற்றது. ஏவுகணைகள் இஸ்ரேலைத் தடுத்து நிறுத்தவில்லை. அவை புதைந்திருந்த இடங்கள் ஊர்களின் அழிவுக்குக் காரணமாகக் காட்டப்பட்டன. மரத்துக்காகச் சண்டை நடந்த அதைசே பகுதியில், 2024 அக்டோபர் இறுதியில், ஹிஸ்புல்லாவின் நிலத்தடித் தளம் என்று சொல்லி இஸ்ரேலிய ராணுவம் 400 டன் வெடிபொருளை வெடிக்கவைத்தது. வட இஸ்ரேலில் நிலநடுக்க எச்சரிக்கை ஒலித்தது. அதே சமயம் எல்லைக் கிராமங்களில் தரைப்படையை எதிர்த்து நின்றவர்கள் ஹிஸ்புல்லாவின் போராளிகளே. கியாமில் வாரக் கணக்கில் நின்றார்கள். தோல்வியைச் சொல்லும்போது இதையும் சொல்லியாக வேண்டும். அந்த ஊர்களின் தாய்மார்கள் அதை மறக்கமாட்டார்கள்.

சரி, ராணுவம் எங்கே இருந்தது? இதற்குப் பதில் சொல்லாமல் ஆயுதக் களைவைப் பற்றிப் பேசுவோர் பலர். லெபனான் விமானப்படையிடம் போர் ஜெட்கள் இல்லை. இஸ்ரேலிய விமானங்களைத் தடுக்கும் வான்பாதுகாப்பு இல்லை. 2006 முதல் அமெரிக்கா 300 கோடி டாலருக்கு மேல் உதவியிருக்கிறது. ஆனால் அண்டை நாடுகள் எதைப் பெற்றாலும் இஸ்ரேலின் ராணுவ மேலாண்மை குறையக்கூடாது என்பது அமெரிக்காவின் சட்டமே. எனவே கிடைப்பவை கவச வண்டி, துப்பாக்கி, உள்நாட்டுக் கிளர்ச்சியாளரைத் தாக்க உதவும் ஆறு சிறு விசிறி விமானங்கள். பிரெஞ்சு ஆயுதம் வாங்க 300 கோடி டாலர் தருவதாக 2013இல் அறிவித்த சவூதி, லெபனானின் ஈரான் நிலைப்பாடு பிடிக்காமல் 2016இல் கைவிட்டது. 2019இல் நாணயம் சரியத் தொடங்கியபின் ஒரு சிப்பாயின் மாதச் சம்பளம் 800 டாலர் அளவிலிருந்து 100 டாலருக்கும் கீழே இறங்கியது. 2020இல் படைவீரர்களின் உணவிலிருந்து இறைச்சி நீக்கப்பட்டது. 2023இல் ஒவ்வொரு வீரருக்கும் மாதம் 100 டாலர் வீதம் ஆறு மாதங்களுக்கு அமெரிக்கா ஐநா வழியாகக் கொடுத்தது. பணி முடிந்து டாக்ஸி ஓட்டும் சிப்பாயிடம்தான் நாட்டின் எல்லையை ஒப்படைக்கச் சொல்கிறோம்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு, அதை ஹிஸ்புல்லாவின் ஆதரவாளர்கள் ஒப்புக்கொள்வதில்லை. ராணுவம் பலவீனமாக இருப்பதால் ஹிஸ்புல்லா தேவை என்கிறார்கள். ஹிஸ்புல்லா இருப்பதால் ராணுவத்துக்கு எவரும் வலுவான ஆயுதம் கொடுப்பதில்லை என்பதும் அதே அளவு உண்மை. சவூதிப் பணம் போனதற்கும் நாட்டின் போர் முடிவுகள் அரசின் கையில் இல்லாததற்கும் நேரான தொடர்பு இருக்கிறது. அரசு விட்ட வெற்றிடத்தை நிரப்ப வந்த இயக்கம், பிறகு அந்த வெற்றிடம் நிரம்பாமல் பார்த்துக்கொண்டது.

2024 நவம்பர் போர்நிறுத்த உடன்பாடு யார் யார் ஆயுதம் ஏந்தலாம் என்று பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது: ராணுவம், உள்நாட்டுக் காவல், பொதுப் பாதுகாப்பு, அரசுப் பாதுகாப்பு, சுங்கம், நகராட்சிக் காவல். நடவடிக்கை லிட்டானிக்குத் தெற்கில் தொடங்கும் என்றும் சொல்கிறது. புதிய பொதுச்செயலாளர் நயீம் காசிம், ஒப்பந்தம் தெற்குக்கு மட்டுமே என்கிறார். மற்றவர்கள், தொடங்குவது என்றாலே நாடு முழுவதும் தொடர்வது என்றுதானே பொருள் என்கிறார்கள். உரையை வாசித்தால் பின்னவர் பக்கமே நியாயம் இருப்பதாகத் தெரிகிறது. ஆனால் அதே உடன்பாட்டின்படி வெளியேற வேண்டிய இஸ்ரேல், நீட்டிக்கப்பட்ட கெடுவான 2025 பிப்ரவரி 18க்குப் பின்னும் ஐந்து குன்றுகளில் தங்கிவிட்டது. ஏறக்குறைய நாள்தோறும் வான்தாக்குதல் தொடர்ந்தது. போர்நிறுத்தத்துக்குப் பின்னும் நூற்றுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டதாக ஐநா மனித உரிமை அலுவலகம் 2025 அக்டோபரில் சொன்னது. ஒரு தரப்பு மட்டும் நிறைவேற்ற வேண்டிய ஒப்பந்தமாக அது ஆகிவிட்டது.

ராணுவத் தளபதியாக இருந்த ஜோசப் அவுன் 2025 ஜனவரி 9 அன்று குடியரசுத் தலைவரானார். பன்னாட்டு நீதிமன்றத் தலைவராக இருந்த நவாஃப் சலாம் பிரதமரானார். அவர்களின் கொள்கை அறிக்கையில் பழைய மூன்று சொல் வாய்பாடு இல்லை. ஆகஸ்ட் 5 அன்று, ஆண்டு முடிவுக்குள் ஆயுதங்களை அரசின் கையில் கொண்டுவரத் திட்டம் தீட்டும்படி அமைச்சரவை ராணுவத்தைப் பணித்தது. 7ஆம் தேதி அமெரிக்கத் தூதர் டாம் பராக்கின் அறிக்கையின் நோக்கங்களை ஏற்றது. ஷியா அமைச்சர்கள் வெளிநடப்புச் செய்தார்கள். செப்டம்பர் 5 அன்று ராணுவத் திட்டம் வந்தபோதும் அப்படியே. இதற்கிடையே ஆகஸ்ட் 9இல், தீரு நகருக்கருகில் ஸிப்கீன் பள்ளத்தாக்கில் ஹிஸ்புல்லாவின் ஆயுதக் கிடங்கைச் சோதித்துக்கொண்டிருந்த ராணுவ வீரர்கள் ஆறு பேர் குண்டுவெடிப்பில் இறந்தார்கள். 1998 முதல் இந்தியப் பட்டாலியனும் காவல் நிற்கும் யூனிஃபில் படை, 2026 டிசம்பர் 31உடன் பணியை முடிக்க வேண்டும் என்று பாதுகாப்பு மன்றம் அம்மாதமே முடிவு செய்தது. தெற்கில் ராணுவத்தின் சுமை ஒரே மாதத்தில் மும்மடங்கானது.

வலுக்கட்டாயமாக ஆயுதத்தைப் பறிக்க ராணுவம் தயங்குவதைக் கோழைத்தனம் என்போர் அதன் வரலாற்றை அறியாதவர்கள். 1976இலும் 1984இலும் அது மதப் பிரிவுகளின் வழியே உடைந்தது. 1984 பிப்ரவரியில் ஷியா வீரர்கள் நிறைந்த ஆறாவது படைப்பிரிவு அரசைவிட்டுப் பிரிந்தது. இன்றும் கணிசமான வீரர்கள் தெற்கிலிருந்தும் பக்காவிலிருந்தும் வந்த ஷியாக்கள். அண்ணன் ராணுவத்தில், தம்பி ஹிஸ்புல்லாவில் என்று வாழும் குடும்பங்கள் அங்கே உண்டு.

ஷியாக்களின் அச்சமும் பொய்யன்று. 2025 மார்ச்சில் சிரியக் கடற்கரையில் அலவிகள் கொல்லப்பட்டதையும் ஜூலையில் ஸுவைதாவில் துரூஸ்கள் பட்ட பாட்டையும் அவர்கள் பார்த்தார்கள். தெற்கே இஸ்ரேல், கிழக்கே புதிய சிரியா, உள்ளே பழிதீர்க்கக் காத்திருக்கும் பழைய எதிரிகள் என்று ஒரு சமூகம் நினைக்கும்போது, ஆயுதம் என்பது இரும்பு மட்டும் அல்ல. 1943இன் பங்கீட்டில் தங்களுக்குக் கிடைக்காத மரியாதை அது. அத்தனை இடிபாடுகளுக்குப் பிறகும் 2025 மே மாத உள்ளாட்சித் தேர்தலில் தெற்கின் பெரும்பாலான ஊர்களில் அமல்-ஹிஸ்புல்லா பட்டியல்கள் வென்றதை இந்த அச்சத்தை விட்டுவிட்டு விளக்க முடியாது. ஹிஸ்புல்லாவை அறிவார்ந்து எதிர்த்த ஷியாக்களும் இருந்தார்கள். எழுத்தாளர் லோக்மான் ஸ்லிம் 2021 பிப்ரவரியில் தெற்கில் சுட்டுக் கொல்லப்பட்டார், யாரும் தண்டிக்கப்படவில்லை.

மற்ற நாடுகளின் அனுபவத்தில் இரண்டு என்னைச் சிந்திக்க வைக்கின்றன. அயர்லாந்தில் 1998 புனித வெள்ளி உடன்பாட்டுக்குப் பின் ஐஆர்ஏ தன் ஆயுதங்களை முழுமையாகக் கைவிட ஏழு ஆண்டுகள் பிடித்தன. கனடியத் தளபதி ஜான் டி சாஸ்டெலெய்ன் தலைமையிலான தனி ஆணையமும் இரண்டு மதகுருக்களும் சாட்சி நின்றார்கள். புகைப்படம் எடுக்கவில்லை, சரணடைந்த தோற்றம் வரக்கூடாது என்பதற்காக. அந்த ஏழு ஆண்டுகளில் காவல்துறை சீர்திருத்தப்பட்டது, கைதிகள் விடுதலையானார்கள், பிரிட்டிஷ் காவற்கோபுரங்கள் இறங்கின. கத்தோலிக்கர் பயந்த பொருள்கள் ஒவ்வொன்றாகக் குறையக் குறைய ஆயுதத்தின் தேவையும் குறைந்தது. அங்கும் அது எளிதாக நடக்கவில்லை. ஆட்சிக்குழு பலமுறை கவிழ்ந்தது. மறுபுறம் ஈராக், 2016இல் சட்டம் இயற்றி ஹஷ்த் ஷஅபி ஆயுதக் குழுக்களை அரசுப் படையாக்கியது. சம்பளம் அரசுடையது, விசுவாசம் பழைய தலைவர்களுடையது என்ற நிலை அங்கே தொடர்கிறது. ‘ஹிஸ்புல்லாவைத் தனிப் படைப்பிரிவாக ராணுவத்தில் சேர்த்துவிடலாம்’ என்று பெய்ரூட்டில் அவ்வப்போது எழும் யோசனைக்கு ஈராக்கே எச்சரிக்கை. போராளிகளைத் தனித்தனி நபர்களாகச் சேர்க்கலாம். படையாகச் சேர்த்தால் அது படையாகவே இருக்கும்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். போரா சமாதானமா என்ற முடிவு ஒரு கட்சியின் பொதுச்செயலாளரிடம் இருக்கக்கூடாது. 2006இலும் 2023இலும் அப்படி இருந்ததன் விலையை ஹிஸ்புல்லாவுக்கு ஒருபோதும் வாக்களிக்காதவர்களும் கொடுத்தார்கள். அதற்கு வாக்களித்த தெற்கத்தியர்களே அதிகம் கொடுத்தார்கள். ஆனால் இஸ்ரேலிய ட்ரோன் தலைக்குமேல் இரைந்துகொண்டிருக்க, குன்றில் அந்நியக் கொடி பறக்க, அரசு வந்து ஆயுதத்தைக் கேட்டால், தெற்கத்தியனின் கண்ணுக்கு அந்த அரசு எதிரியின் அமீனாவாகத்தான் தெரியும். ஐந்து குன்றுகளிலிருந்து இஸ்ரேல் இறங்குவதும் கிடங்குகள் ராணுவத்தின் கைக்குப் போவதும் ஒன்றன்பின் ஒன்றாக, ஒன்றையொன்று கட்டிப்போட்டு நடக்க வேண்டும். இடிந்த வீட்டைக் கட்டும் சிமெண்ட் மூட்டை அரசின் கையால் வந்து சேர வேண்டும். 2006க்குப் பிறகு அந்த மூட்டையைக் கொண்டுவந்தது ஹிஸ்புல்லாதான். ஆயுதம் எத்தனை என்று எண்ணும் வெளிநாட்டுத் தூதர்கள், ராணுவத்துக்கு வான்பாதுகாப்பு எப்போது தருவோம் என்று ஒரு தேதியாவது சொல்லியிருந்தால், அமைச்சரவை மேசையில் நவாஃப் சலாமின் வாதத்துக்கு எவ்வளவோ பலம் கூடியிருக்கும்.

2025 ஜனவரி 26 அன்று, இஸ்ரேல் வெளியேற வேண்டிய அறுபது நாள் கெடு முடிந்த காலையில், தெற்கத்தியர்கள் தங்கள் ஊர்களுக்குத் திரும்பப் புறப்பட்டார்கள். ஹூலா, கஃபர் கிலா, மாரூன் அர்ராஸ், அதைசே. வீடு இருக்காது என்று தெரிந்தும் போனார்கள். சிலர் கையில் மஞ்சள் கொடி, சிலர் கையில் இடிபாட்டில் தேடவேண்டிய மகனின் படம். லெபனான் ராணுவத்தின் வண்டிகள் சாலைகளில் அவர்களோடு சென்றன. இஸ்ரேலிய வீரர்கள் சுட்டார்கள். அன்று மாலைக்குள் 20க்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். அவர்களில் பெண்களும் இருந்தார்கள். லெபனான் ராணுவச் சீருடை அணிந்த ஒருவரும் இருந்தார்.